வாடகை வீட்டு வரி மாற்றங்கள்: வாடகையைக் கூட்டுவதா, ஒத்திக்கு விடுவதா, விற்பதா?

பழங்காநத்தம்_மாடிவீடு (கேள்வி)

மதுரையில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரரைப் பார்த்தாலும் வரிப் பேச்சுதான். ஒருவர் "20 சதவீதம் ஏத்தியாச்சு, இல்லாட்டி கட்டுபடியாகாது" என்கிறார். அடுத்தவர், வாடகையே வேண்டாம், மொத்தமாக ஒத்திக்கு விட்டுவிட்டால் (பெரிய தொகை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது) வருமானமும் இல்லை வரியும் இல்லை என்கிறார். இன்னொருவர் பாதி வாடகைக்கு மட்டும் ரசீது போடுகிறார். மூலை வீட்டுக்காரர் விற்கச் சொல்லி புரோக்கரிடம் சாவியே கொடுத்துவிட்டார். இதில் எது சரி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் கட்டடம் அப்பா பெயரில். வயது 66, பென்ஷன் மாதம் 42,000. கீழே இரண்டு கடை: மருந்துக்கடை 24,000 (ஜிஎஸ்டி எண் உண்டு), தையல் கடை 9,000 (பதிவு இல்லை). மாடியில் இரண்டு வீடு: ஒன்று 12,000 வாடகை, மற்றது 8 லட்சம் ஒத்தி. ஒத்திப் பணம் வங்கியில் வைப்பாக இருக்கிறது, வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மாடி கட்டிய கடனுக்கு 2025-26-ல் வட்டி 1,62,000, அசல் 1,00,000. சொத்து வரி இரண்டு அரையாண்டும் சேர்த்து 24,000.

மருந்துக்கடைக்காரர், "உங்க வாடகைக்கு நான் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுறேன், அதைக் கழிச்சிட்டுத்தான் தருவேன்" என்று நிற்கிறார். இதற்கும் பதில் வேண்டும்.

வரிக்கணக்கு_வைகை

தம்பி, கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் வாடகையைப் பற்றிப் பேசுவோம். தெருவில் நடப்பது தலைகீழாக நடக்கிறது. முதலில் வாடகையை ஏற்றுகிறார்கள், ஜூலையில் ஆடிட்டர் சொன்ன பிறகுதான் வரியே வராது என்று தெரிகிறது.

இவ்வளவு பேச்சுக்கும் காரணம் 2024 ஜூலை பட்ஜெட். குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டால், அந்த வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்ட முடியாது, வீட்டுச் சொத்து வருமானமாகத்தான் காட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2024-25 நிதியாண்டு வருமானத்திலிருந்தே இது நடைமுறை. தொழில் என்று காட்டி வெள்ளையடிப்பு, வாட்ச்மேன் சம்பளம், பிளம்பர் கூலி, கட்டடத் தேய்மானம் எல்லாம் கழித்து வந்தவர்களுக்குத்தான் அடி. உங்கள் அப்பா மாதிரி எப்போதும் வீட்டுச் சொத்து வருமானமாகவே காட்டியவருக்கு இதனால் ஒரு பைசா மாறவில்லை.

கணக்கு இப்படி வரும். மருந்துக்கடை 2,88,000, தையல் கடை 1,08,000, வாடகை வீடு 1,44,000. ஒத்தி வீட்டுக்கும் 1,44,000 சேர்க்க வேண்டும். ஏன் என்பதைத் தெப்பக்குளம் அக்கா விளக்குவார்கள். மொத்தம் 6,84,000. இதில் கட்டிய சொத்து வரி 24,000 போனால் 6,60,000. இதில் 30 சதவீதம், அதாவது 1,98,000, கேள்வி கேட்காமல் கழியும். மிச்சம் 4,62,000. கடன் வட்டி 1,62,000 போனால் வீட்டு வருமானம் 3,00,000.

பென்ஷன் 5,04,000-ல் புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 4,29,000. ஒத்திப் பண வைப்பின் வட்டி 56,000. எல்லாம் கூட்டினால் 7,85,000. 2025-26 முதல் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவு தரும் வரித் தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஆகவே அப்பா கட்ட வேண்டிய வருமான வரி: ஒன்றுமில்லை.

இதையே பழைய முறையில் போட்டால்? பென்ஷன் கழிவு 50,000-தான். கடனில் அடைத்த அசல் 1 லட்சம் 80சி பிரிவிலும், வங்கி வைப்பு வட்டியில் 50,000 மூத்த குடிமக்களுக்கான 80டிடிபி பிரிவிலும் கழியும். வரிக்குரிய தொகை 6,60,000. வரி மேல் வரியான செஸ் சேர்த்து 43,680 ரூபாய் வரி. "வீட்டுக் கடன் இருந்தால் பழைய முறைதான் லாபம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோர் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். புதிய முறையில் வீட்டுக் கடன் வட்டியே கழியாது என்பதும் பாதி உண்மைதான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கழியாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கழியும், அதற்கு 2 லட்சம் உச்சவரம்பும் கிடையாது.

எங்கே உதைக்கும் என்றால் வட்டி வாடகையைத் தாண்டும்போது. உதாரணத்துக்கு வாடகை ஆண்டுக்கு 1,80,000, சொத்து வரி 6,000, வட்டி 4,20,000. 1,74,000-ல் 30 சதவீதம் போக 1,21,800. வட்டி போனால் நட்டம் 2,98,200. பழைய முறையில் இதில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், மீதி 98,200-ஐ 8 ஆண்டுகள் கொண்டுபோய் வீட்டு வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. ஒரு வீட்டின் நட்டத்தை இன்னொரு வீட்டின் வாடகையில் கழிப்பதற்கு மட்டும் இரண்டு முறையிலும் தடை இல்லை. பெரிய கடனில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்ட சம்பளக்காரர்கள் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். தொழில் வருமானம் இல்லாதவர் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டும் என்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். கெடு தாண்டினால் புதிய முறைதான்.

இனி வழக்கமாக நடக்கும் தப்புகள். சொத்து வரியை உரிமையாளர் தன் கையால், அந்த நிதியாண்டுக்குள் கட்டியிருந்தால்தான் கழியும். குடியிருப்பவர் கட்டினால் கழியாது. மார்ச்சில் கட்ட வேண்டியதை ஏப்ரலில் கட்டினால் கழிவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். அதே விதிப்படி, பழைய பாக்கியை இந்த ஆண்டு கட்டினால் இந்த ஆண்டே முழுதும் கழியும். 30 சதவீதம் என்பது ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் 30 சதவீதம்தான். மேற்கொண்டு பெயிண்ட் பில், புரோக்கர் கமிஷன் என்று சேர்த்தால் நோட்டீஸ் வரும்.

வரி பூஜ்யம் என்பதற்காக ரிட்டர்ன் போடாமல் விடக் கூடாது. மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் போட்டே ஆக வேண்டும். அப்பாவுக்கு ஐடிஆர் 2 என்ற ரிட்டர்ன் படிவம் பொருந்தும்.

பாதி ரசீது போடும் தெருக்காரருக்கு ஒரு வார்த்தை. குடியிருப்பவர் கம்பெனியில் வேலை பார்த்து வீட்டு வாடகைப்படி விலக்கு கேட்கிறார் என்றால், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டியதும் உரிமையாளரின் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 12,000 வாடகை என்றாலே ஆண்டுக்கு 1,44,000. அவர் முழு வாடகையை எழுதுவார், நீங்கள் பாதியைக் காட்டியிருப்பீர்கள். இரண்டும் ஒரே பான் எண்ணில் போய் மோதும்.

மனைவி பெயரில் வாடகை வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. வீடு யார் பெயரிலோ அவர் வருமானம்தான் அது. பணம் வாங்காமல் மனைவிக்கு எழுதிக் கொடுத்தாலும் வரிக் கணக்கில் எழுதிக் கொடுத்தவரே உரிமையாளர்.

வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடியவர் இருந்தால், வராத வாடகையை வருமானத்தில் சேர்க்காமல் விடலாம். அதற்கு அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு எந்த இடத்திலும் அவர் இருக்கக் கூடாது. வசூலிக்கச் சட்டப்படி முயன்றதற்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு தாளாவது கையில் வேண்டும். பின்னால் அந்தப் பணம் வந்தால் வந்த ஆண்டில் வரிக்குரியது, அதிலும் 30 சதவீதம் கழியும்.

சிம்மக்கல்_பில்புத்தகம்

மருந்துக்கடை விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி.

2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத உரிமையாளர் பதிவுள்ள ஒருவருக்குக் கடையை வாடகைக்கு விட்டால், 18 சதவீத வரியை வாடகைக்காரர் நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். தலைகீழ் வரி, ஆர்சிஎம் என்று சொல்கிறார்களே அதுதான். 24,000-க்கு மாதம் 4,320. இதுவரை அவர் சொன்னது சரி.

அதை வாடகையில் கழிப்பேன் என்பது சரியில்லை. அவர் ரெகுலர் முறையில் வரி கட்டுபவர் என்றால், கட்டிய 4,320-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, மருந்து விற்றதற்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கையை விட்டுப் போகும் பணம் பெரும்பாலும் திரும்பி வருவதுதான். அவருக்குச் சிரமம் இரண்டு இடத்தில். ஆர்சிஎம் வரியை ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட வேண்டும், ஏற்கெனவே இருக்கும் வரவை வைத்து அடைக்க முடியாது. இரண்டாவது, பதிவில்லாத உரிமையாளர் வரி பில் தர முடியாது என்பதால் அவரே தன் பெயரில் சுய பில் போட வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். பலர் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னில் 3.1(டி) கட்டத்தில் வாடகையைக் காட்டாமல் விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து வட்டியோடு கட்டுகிறார்கள். அந்தக் கோபம் வீட்டுக்காரர் மேல் திரும்புகிறது.

அவர் காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருந்தால் கதை வேறு. 2025 ஜனவரி 16 முதல் காம்போசிஷன்காரர்களுக்கு இந்த ஆர்சிஎம் கிடையாது. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கும் 'இருந்தது இருந்தபடி' என்று விட்டுவிட்டார்கள். அவருடைய ஜிஎஸ்டி எண்ணை இணையதளத்தில் போட்டால் ரெகுலரா காம்போசிஷனா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே நட்டப்படுபவர் ஓட்டல்காரர். 5 சதவீத முறையில் இருக்கும் மெஸ், புரோட்டாக் கடைக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. 30,000 வாடகை என்றால் 5,400 சுத்தமாகக் கையை விட்டுப் போகும். அப்படிப்பட்ட வாடகைக்காரர் வாடகையைக் குறைக்கக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஒரேயடியாக மறுப்பதைவிட, அடுத்த வாடகை உயர்வை ஆறு மாதம் தள்ளிவைப்பது மாதிரி ஏதாவது பேசி முடிப்பது நல்லது. பைபாஸ் ரோட்டில் நல்ல கடைக்காரர் ஒருவர் போனால் அந்த இடம் மூன்று மாதம் காலியாகக் கிடக்கும். அந்த நட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

தையல் கடைக்கு எந்த ஜிஎஸ்டியும் இல்லை. இரு பக்கமும் பதிவில்லை. மாடி வீட்டில் குடும்பம் குடியிருந்தால் அதற்கும் இல்லை. பதிவுள்ள கம்பெனி ஒன்று தன் பெயரில் வீட்டை எடுத்து ஊழியரை வைத்தால் மட்டும் கம்பெனி ஆர்சிஎம் கட்ட வேண்டும். 2022 ஜூலை 18 முதல் அப்படி. ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் தனி வியாபாரி தன் குடும்பம் குடியிருக்கத் தன் சொந்தக் கணக்கில் எடுத்தால் 2023 ஜனவரி 1 முதல் அதற்கும் விலக்கு.

சில உரிமையாளர்கள் பதிவே இல்லாமல் "வாடகை + 18%" என்று கேட்டு வாங்குகிறார்கள். இது பெரிய தப்பு. பதிவில்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, வாங்கினால் அப்படியே அரசுக்குக் கட்ட வேண்டி வரும். பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அந்த 20 லட்சத்தைப் பார்க்கும்போது வரிவிலக்குள்ள வீட்டு வாடகையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பயமே வேண்டாம்.

டிடிஎஸ், அதாவது வாடகை கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு வாடகை ஆண்டுக்கு 2,40,000-ஐத் தாண்டினால் தணிக்கைக்கு உட்பட்ட வாடகைக்காரர் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். மருந்துக்கடை அந்த வகையில் இருந்தால் 2,88,000-க்கு 28,800 பிடித்திருப்பார். அப்பா ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு மாதம் 50,000. இனி உங்கள் கட்டடத்தில் யாரும் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர்களுக்குச் சாதகமான இந்த மாற்றத்தைப் பற்றி மட்டும் தெருவில் யாரும் பேசுவதில்லை.

தணிக்கை இல்லாத தனிநபர் மாதம் 50,000-க்கு மேல் வாடகை கொடுத்தால் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் 5 சதவீதம். பிடித்ததை உரிய படிவத்தில் கட்டி, உரிமையாளருக்குப் பிடித்தச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

பழங்காநத்தம்_மாடிவீடு

பார்த்தேன், ரெகுலர்தான். ரொம்ப நன்றிண்ணே. ஒத்தி வீட்டுக்கு ஏன் 1,44,000 சேர்த்தீர்கள்? வாடகையே வரவில்லையே. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

தெப்பக்குளம்_தெற்கு

வாடகை வராதது வரிச் சட்டத்துக்குக் கணக்கில்லை, தம்பி. கையில் வந்த வாடகை, அந்த வீடு நியாயமாக எவ்வளவுக்குப் போகும் என்ற மதிப்பு, இந்த இரண்டில் எது அதிகமோ அதுதான் ஆண்டு மதிப்பு. ஒத்தி வீட்டில் கையில் வந்த வாடகை பூஜ்யம். ஆனால் எதிர் வீடு, அதே மாடி, அதே அளவு, 12,000-க்குப் போகிறது. இதைவிட அதிகாரிக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே 1,44,000.

ஒத்திப் பணம் வருமானம் இல்லை; திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதை வங்கியில் போட்டு வரும் வட்டி தனியாக வருமானம். அதாவது ஒத்திக்கு விட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு இடத்தில் வருமானம் ஏறுகிறது: எதிர்பார்ப்பு வாடகை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். வட்டிக்கு 30 சதவீதக் கழிவும் கிடையாது. கையில் கிடைப்பது 56,000, வரிக் கணக்கில் ஏறுவது 56,000-மும் 1,44,000-ல் கழிவு போன மிச்சமும். வரி தப்பிக்க ஒத்திக்கு மாறுகிறவர்கள் இதை ஒரு தரம் தாளில் எழுதிப் பார்க்கட்டும். ஒத்திப் பணத்தை வைத்துக் கூடுதல் வட்டிக் கடனை அடைக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு; அங்கே ஒத்திக்கு நிஜமான பயன் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து ரொக்கம். நம் ஊரில் ஒத்தி என்றாலே மஞ்சப்பையில் பணம் கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பதுதான் பழக்கம். 20,000-மும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். 8 லட்சத்தில் 5 லட்சம் வங்கி வழி, 3 லட்சம் கையில் என்றால் அந்த 3 லட்சத்துக்கு 3 லட்சம். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே விதி.

ஒத்தி கை மாறும்போதுதான் அதிகம் சிக்குகிறார்கள். புது ஒத்திக்காரர் பணத்தை நேராகப் பழைய ஒத்திக்காரர் கையில் எண்ணிக் கொடுத்து, வீட்டுக்காரர் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போடுவார். கணக்கில் பார்த்தால் வீட்டுக்காரர் ரொக்கத்தில் வாங்கினார், ரொக்கத்தில் கொடுத்தார், இரண்டு மீறல். செய்ய வேண்டியது: புதியவரின் பணம் அப்பா கணக்குக்கு வரட்டும், அங்கிருந்து பழையவர் கணக்குக்குப் போகட்டும். பணம் ஏறியதை வங்கிக் கணக்கில் பார்த்துவிட்டு, அன்றே பழையவரிடம் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வீட்டைக் காலியாக ஒப்படைத்தேன்" என்று எழுதி, தேதியும் வங்கிப் பரிமாற்ற எண்ணும் போட்டு, சாவியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஒத்திப் பத்திரத்தின் அசலும் கைக்கு வந்துவிட வேண்டும்.

வாடகையைத் திடீரென்று 20 சதவீதம் ஏற்றுவதைப் பற்றி: தமிழ்நாடு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம் (2017-ல் இயற்றியது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை) ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் கூட்டச் சொல்கிறது. "ஆண்டுக்கு இத்தனை சதவீதம், இந்த மாதத்திலிருந்து" என்று எழுதாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வரி கூடியது என்று காரணம் சொன்னால் வாடகை அதிகாரி முன் நிற்காது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கி வையுங்கள். பதிவில்லாத தாளை வைத்து ஒருவரைக் காலி செய்ய வைப்பது ரொம்பச் சிரமம்.

அப்பாவுக்கு 12 லட்சம் வரம்பைத் தொட இன்னும் 4,15,000 இடம் இருக்கிறது. 30 சதவீதக் கழிவையும் சேர்த்துப் பார்த்தால், வாடகை இன்னும் ஏறக்குறைய 5.9 லட்சம் கூடினாலும் வரி வராது. கட்டாத வரியைக் காட்டி குடியிருப்பவரிடம் வாடகை கேட்பது நியாயமே இல்லை. சந்தை வாடகை ஏறியிருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வரிக்கணக்கு_வைகை

அக்கா சொன்னதோடு ஒன்று. 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. 100 ரூபாய் வாடகையில் 70 வரிக்கு வரும், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் என்றால் 21.84 ரூபாய் போகும். 12,000 வாடகை வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 31,450. பெரிய சம்பளக்காரர் வாடகைக்கு விட்ட வீட்டையும் ஓய்வூதியர் வீட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் தெருவில் இவ்வளவு குழப்பம்.

எல்லிஸ்நகர்_கிரயம்

விற்க நினைக்கும் மூலை வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன்.

2024 ஜூலை 23 முதல் வீடு, மனை விற்ற நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை (வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி உயர்த்திக் கணக்கிடுவது) இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய இடம் என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழையபடி குறியீட்டோடு 20 சதவீதமும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். எது லாபம் என்பது வாங்கிய ஆண்டையும் விலை ஏறிய வேகத்தையும் பொறுத்தது.

2004-05-ல் 6 லட்சத்துக்கு வாங்கி 2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்றால்: 12.5 சதவீதத்தில் வரி 6,75,000. குறியீடு 113-லிருந்து 376 ஆகிறது. அப்படிப் போட்டால் அடக்கவிலை 19.96 லட்சம், வரி சுமார் 8 லட்சம். 12.5-தான் லாபம். 2011-12-ல் (குறியீடு 184) 30 லட்சத்துக்கு வாங்கியதை 65 லட்சத்துக்கு விற்றால்: 12.5-ல் 4,37,500. குறியீட்டில் அடக்கவிலை 61.3 லட்சம், வரி சுமார் 74,000. இங்கே பழைய முறை லாபம். வித்தியாசம் 3.6 லட்சம் என்பதால் கிரயத்துக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும். செஸ் இரண்டிலும் தனி.

மாசி வீதிகளில் இருப்பது போன்ற பாட்டன் காலத்து வீடு என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் 2001-ம் ஆண்டு வழிகாட்டி மதிப்பை முதலிலேயே எடுத்து வையுங்கள். மதிப்பீட்டாளர் ஏற்றிக் கொடுத்த அறிக்கையை மட்டும் நம்பினால் பின்னால் வெட்டிவிடுவார்கள்.

12 லட்சம் வரை வரியில்லை என்ற தள்ளுபடி இந்த ஆதாயத்துக்குப் பொருந்தாது. வேறு வீடு வாங்குவதோ, இந்த ஆதாயத்துக்கு விலக்கு தரும் குறிப்பிட்ட முதலீட்டுப் பத்திரத்தில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடுவதோதான் வழி; பத்திரத்தில் போட்ட பணம் 5 ஆண்டுகள் கிடக்கும். கிரயம் 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை வரிக்குப் பயந்து விற்று லட்சக்கணக்கில் ஆதாய வரி கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வில்லாபுரம்_அரையாண்டு

எல்லோரும் வருமான வரியையே பார்க்கிறீர்கள். மதுரை வீட்டுக்காரருக்கு நிஜமாகவே ஏறியது மாநகராட்சி சொத்து வரி. 2022-ல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25, அதன் மேல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று கூட்டினார்கள். 2023 நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் ஆண்டுதோறும் குறைந்தது 6 சதவீத உயர்வு இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் ஆண்டு உயர்வு எழுதும்போது நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும், அதிகபட்சம் 5,000. அரையாண்டுக்கு 12,000 கட்டும் உங்களுக்கு 600, ஆண்டுக்கு 1,200. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. ரசீதை அன்றே இறக்கி வைத்தால் வருமான வரிக்கும் ஆகும்.

சொத்து வரி விதிப்பு நகலை எடுத்து மூன்றைச் சரிபாருங்கள்: சதுர அடி, பயன்பாடு, உரிமையாளர் பெயர். வீடாக விதித்த பகுதியைக் கடையாக விட்டிருந்தால் மறு அளவீட்டில் பாக்கியோடு வரும். மதுரையில் வணிகக் கட்டடங்களுக்கு அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி வரியைக் குறைத்த விவகாரம் 2025-ல் பெரிதாக வெடித்ததிலிருந்து விதிப்புகளைத் தோண்டிப் பார்க்கிறார்கள். "குறைச்சுத் தர்றேன்" என்று வரும் இடைத்தரகர் யாரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விதிப்பு அதிகம் என்று தோன்றினால் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்து ஒப்புகை வாங்குங்கள்.

கீழமாசி_பங்காளி

இடையில் ஒரு கேள்வி. கடை மூன்று பேர் பெயரில், சம பங்கு. மாத வாடகை 45,000. ஒரு பங்குதாரர் சிங்கப்பூரில் குடியிருக்கிறார். வாடகை முழுவதும் இங்குள்ள அண்ணன் கணக்குக்கு வருகிறது. டிடிஎஸ் உண்டா?

சிம்மக்கல்_பில்புத்தகம்

உண்டு, சிங்கப்பூர் பங்குக்கு மட்டும். பங்கு வரையறுத்திருந்தால் ஒவ்வொருவர் கணக்கும் தனி. இங்குள்ள இருவருக்கும் ஆளுக்கு 15,000, வரம்புக்குள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்து 31.2 சதவீதம்: மாதம் 4,680. வாடகைக்காரர் வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கி, அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை பிடித்தக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். அண்ணன் கணக்கில் வாங்கினாலும் வருமானம் அவருடையதுதான், பொறுப்பு வாடகைக்காரர் தலையில். அவர் பங்கைப் பிரித்து அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக வைக்கும் வங்கிக் கணக்கு) அனுப்பச் சொல்லுங்கள்.

அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால், 1,80,000-ல் கழிவு போக 1,26,000-தான். ரிட்டர்ன் போட்டால் பிடித்த 56,160-மும் திரும்பும். ஒவ்வொரு ஆண்டும் பிடிபட்டுத் திரும்ப வாங்குவது அலைச்சல் என்றால், நிதியாண்டு தொடக்கத்திலேயே குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கேட்டு வருமான வரித் துறையிடம் விண்ணப்பித்து, அது வந்ததும் நகலை வாடகைக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் தேதிக்கு முந்தைய மாத வாடகைக்கு அது செல்லாது, அந்த மாதங்களுக்கு முழுப் பிடித்தம்தான்.